‘கொன்ஃபியார்’ என்ற ஒரு சொல்: லத்தீனோ பெற்றோரின் மருத்துவ அவநம்பிக்கையை இரு மொழிகளில் அளப்பது எப்படி

கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில், ஒரு தேவாலயத்தின் பின்கூடம். சனிக்கிழமை காலை. மடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு தாய்க்கு ஸ்பானியக் கேள்வித்தாளிலிருந்து ஒரு வாக்கியத்தை வாசித்துக் காட்டினேன். ஆங்கில மூலத்தின் பொருள் ஏறத்தாழ இது: ‘எங்கள் இனத்தவர் மருத்துவர்களிடம் மனம் திறந்து பேசக் கூடாது, பேசினால் அது எங்களுக்கே எதிராகத் திரும்பும்.’ அவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “டாக்டரை நம்புகிறேன், ஸெனியோரா. ஆனால் எல்லாவற்றையும் அவரிடம் சொல்ல மாட்டேன்.” மறுப்பிலிருந்து ஒப்புதல்வரை தாளில் உள்ள ஐந்து கட்டங்களில் எதில் குறிப்பது?

கோளாறு மொழிபெயர்ப்பில் இருந்தது. ‘மனம் திறந்து பேசுதல்’ என்ற இடத்தில் ‘கொன்ஃபியார்’ என்று போட்டிருந்தார்கள். ஸ்பானியத்தில் அந்தச் சொல்லுக்கு முதலில் வரும் பொருள் ‘நம்புதல்’. ரகசியத்தைச் சொல்வது வேறு, ஆளை நம்புவது வேறு. அந்தத் தாய் இரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்திருந்தார். எங்கள் தாள்தான் இரண்டையும் ஒன்றாக்கியிருந்தது.

மதுரையில் புள்ளியியல் படித்துவிட்டு இங்கே வந்த நான், பல ஆண்டுகளாக இந்த மத்தியப் பள்ளத்தாக்கில் பொதுச் சுகாதார ஆய்வுகளுக்குக் கணக்குப் பார்க்கிறேன். இதே வேலையில் இறங்கும் தமிழ் மாணவர்கள் அவ்வப்போது என்னிடம் வழி கேட்கிறார்கள். அவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஸ்பானியம் பேசும் பெற்றோரின் சராசரி மதிப்பெண்ணையும் ஆங்கிலம் பேசும் பெற்றோரின் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘இவர்களுக்கு அவநம்பிக்கை கூடுதல்’ என்று எழுதிவிடுவது எளிது. இரண்டு மொழியிலும் நீங்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள் என்று காட்டாமல் அந்த வரியை எழுதாதீர்கள்.

கேள்வித்தாளைத் தொடுவதற்கு முன் வரலாற்றைப் படியுங்கள். அவநம்பிக்கையைப் பெற்றோரிடம் உள்ள குறை என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் கேள்வியையும் அப்படியே எழுதுகிறார்கள். 1970களில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் பொது மருத்துவமனையில் மெக்சிகோ வம்சாவளிப் பெண்களுக்குப் பிரசவ நேரத்தில் கருத்தடை அறுவை நடந்தது. ஸ்பானியம் மட்டுமே தெரிந்தவர்களிடம், வலியில் துடிக்கும்போது, ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பத்துப் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். மத்ரிகால் எதிர் குவில்லிகன் என்ற அந்த வழக்கில் 1978இல் தீர்ப்பு மருத்துவர்கள் பக்கம் போனது. குவாத்தமாலாவில் 1946 முதல் 1948 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையினர் கைதிகளுக்கும் மனநோயாளிகளுக்கும் சிபிலிஸ் நோயை வேண்டுமென்றே தொற்ற வைத்தார்கள். அமெரிக்கா மன்னிப்புக் கேட்டது 2010இல்தான். இவற்றை எல்லாம் பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2025 ஜூனில், குறைந்த வருமானத்தினருக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டின் பயனாளிகளுடைய விவரங்கள் குடியேற்றச் சட்டத்தை அமல்படுத்தும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குக் கொடுக்கப்பட்ட செய்தி வெளியானது. அதில் கலிஃபோர்னியாவின் பயனாளிகளும் உண்டு. ‘சொன்னால் எங்களுக்கு எதிராகத் திரும்பும்’ என்ற வாக்கியத்துக்கு ஒரு தந்தை ‘ஆம்’ என்றால், அவர் செய்தித்தாள் படிப்பவர் என்றும் அதற்குப் பொருள் இருக்கலாம்.

ஆகவே எதன்மீதான அவநம்பிக்கையை அளக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். குழந்தையைப் பார்க்கும் அந்த ஒரு மருத்துவர்மீதா, மருத்துவமனை, காப்பீடு என்ற முழு அமைப்பின்மீதா, அதன் பின்னால் நிற்கும் அரசின்மீதா? தன் குழந்தையின் மருத்துவரைப் பெரிதும் மதித்துக்கொண்டே வரவேற்பு மேசையில் முகவரியை மாற்றிச் சொல்லும் பெற்றோர் உண்டு. இந்த மூன்றையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கினால் அவர்களுடைய நிலையே தெரியாமல் போய்விடும்.

இருக்கிற அளவுகோல்களில் பலரும் எடுத்துக்கொள்வது, தாம்ப்சனும் குழுவினரும் 2004இல் வெளியிட்ட, இனக்குழு அடிப்படையிலான மருத்துவ அவநம்பிக்கை அளவுகோல். 12 வாக்கியங்கள், மூன்று பகுதிகள்: சந்தேகம், இனங்களுக்கிடையே கவனிப்பில் உள்ள வேறுபாடு, மருத்துவப் பணியாளர்களின் ஆதரவின்மை. கறுப்பினப் பெண்களையும் லத்தீனாப் பெண்களையும் (லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்களை) வைத்து உருவாக்கியது என்பதால் நம் வேலைக்கு நெருக்கமானது. ஆனால் அது பெரியவர்களிடம் அவர்களையும் அவர்களுடைய இனக்குழுவையும் மருத்துவத் துறை நடத்தும் விதத்தைப் பற்றிக் கேட்பது, குழந்தையின் சிகிச்சையைப் பற்றி அல்ல. பெற்றோரிடம் கேட்கும்போது யாருடைய சிகிச்சை என்பதை ஒவ்வொரு வாக்கியத்திலும் சொல்லியாக வேண்டும். தனக்கு மருத்துவம் தேடாமலே காலத்தை ஓட்டும் தாய், குழந்தைக்கு ஒரு தடுப்பூசியைக்கூடத் தவறவிட்டிருக்க மாட்டார்.

ஸ்பானியத்தின் சிறு சொற்கள் சறுக்கும் இடமும் இதுதான். ‘சூ தொக்தோர்’ என்றால் ‘உங்கள் டாக்டர்’ என்றும் பொருள், ‘அவனுடைய டாக்டர்’ என்றும் பொருள். மரியாதை வடிவமான ‘உஸ்தெத்’ போட்டுத்தான் பெற்றோரிடம் பேச வேண்டும் என்பதால் இந்தக் குழப்பம் தவிர்க்க முடியாதது. ‘உங்கள் குழந்தையைப் பார்க்கும் டாக்டர்’ என்று நீட்டி எழுதுங்கள். தாளில் இடம் போனால் போகட்டும்.

மொழிபெயர்ப்புக்கு வருகிறேன். ஆங்கிலத்திலிருந்து ஸ்பானியத்துக்கும், வேறொருவர் கையால் மறுபடி ஆங்கிலத்துக்கும் கொண்டுவந்து மூலத்தோடு ஒப்பிடும் முறையை 1970 முதல் ரிச்சர்ட் பிரிஸ்லின் பெயரோடு சேர்த்துச் சொல்கிறார்கள். அது மட்டும் போதும் என்று நம்பாதீர்கள். ‘கொன்ஃபியார்’ போன்ற சொல்லைத் திரும்பக் கொண்டுவருபவர் மூலத்தை ஊகித்துச் சரியாகவே எழுதிவிடுவார். தாளில் பிழை அப்படியே இருக்கும். இருவர் தனித்தனியே மொழிபெயர்க்கட்டும். பிறகு மொழி தெரிந்தவர், அளவீடு தெரிந்தவர், அந்தச் சமூகத்தில் வாழ்பவர் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாக விவாதிக்கட்டும். விவாதத்தைக் குறித்து வையுங்கள்.

அந்த மேசையில் நான் கற்றுக்கொண்டவை சில. ‘கொன்ஃபியான்சா’வுக்குப் பின்னால் ‘என்’ என்ற முன்னிடைச்சொல் வந்தால் ஒருவர்மீது வைக்கும் நம்பிக்கை. ‘கொன்’ வந்தால் அவரோடு உள்ள நெருக்கம், கூச்சமின்றிப் பழகும் உரிமை. ‘க்ரூப்போ எத்னிகோ’ என்று எழுதினால், மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள் பலர் அதைப் பழங்குடி மக்களைக் குறிக்கும் சொல்லாக எடுத்துக்கொள்கிறார்கள். மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலத்திலிருந்து வந்த தந்தை ‘அது நான் இல்லையே’ என்பார். வஹாக்கா மாநிலத்திலிருந்து வந்த, மிஷ்டெக் பழங்குடியைச் சேர்ந்த தாய் தன் ஊர் மக்களை மட்டும் நினைத்துக்கொள்வார். லத்தீனோ என்ற பொருளில் பதில் சொல்ல இருவருமே இல்லை. அமெரிக்க ஆய்வுகளில் உடல்நிலையைக் கேட்கும் கேள்வியில் ஆங்கிலத்தின் ‘ஃபேர்’ என்ற சுமாருக்கு ‘ரெகுலார்’ என்று போட்டதால், ஸ்பானியம் பேசுவோரின் உடல்நலம் இருப்பதைவிட மோசமாகத் தெரிந்த கதையும் உண்டு. ‘ரெகுலார்’ என்பது பலருக்கு ‘வழக்கம்போல், பரவாயில்லை’. ஒரே ஒரு சொல், ஒரு சமூகத்தையே நோயாளியாகக் காட்டிவிட்டது.

தமிழில் ‘நம்பிக்கை’ என்ற ஒரே சொல் கடவுள் நம்பிக்கைக்கும், நாளை விடியும் என்ற நம்பிக்கைக்கும், கடன் கொடுத்த நம்பிக்கைக்கும் பயன்படுகிறது. ஸ்பானியத்தில் அவை மூன்றும் மூன்று சொற்கள். இதைத் தெரிந்த நமக்கு இந்த வேலையில் ஒரு கூர்மை உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

வரைவு தயாரானதும் கணக்கெடுப்புக்கு ஓடாதீர்கள். ஒவ்வொரு மொழியிலும் எட்டு, பத்துப் பெற்றோரோடு ஆற அமர உட்காருங்கள். வாக்கியத்தை வாசித்தபின் மூன்று கேள்விகள்: “இதை உங்கள் சொற்களில் சொல்லுங்களேன்?” “இதைக் கேட்டதும் யாரை, எந்த இடத்தை நினைத்தீர்கள்?” “இந்தப் பதிலை ஏன் தேர்ந்தீர்கள்?” ‘புரிந்ததா’ என்று மட்டும் கேட்காதீர்கள். படித்தவர் என்று மதிக்கும் ஒருவர் கேட்டால் ‘புரிந்தது’ என்பதுதான் மரியாதை. எங்கள் வேலையில் மிகுந்த பயன் தந்த கட்டம் இதுவே. செலவைக் குறைக்க வேண்டுமானால் வேறு எங்காவது குறையுங்கள்.

பதில் கட்டங்களையும் சோதியுங்கள். ‘உறுதியாக ஒப்புக்கொள்கிறேன்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஸ்பானியத்தில் உளறல்போல் இருக்கிறது. ‘தொத்தால்மெந்தே’ என்று போட்டால் ‘முழுமையாக’ என்றாகி, ஆங்கிலத்தைவிடக் கடுமையாகிறது. எதிரில் இருப்பவரை மனம் நோகச் செய்யாத ‘சிம்பாத்தியா’ பண்பால் ஒப்புக்கொள்ளும் பதில்கள் கூடுவதும், ஓரக் கட்டங்கள் அதிகம் தேர்ந்தெடுக்கப்படுவதும் நீண்ட காலமாக ஆராயப்பட்டு வருகின்றன. ஹுயி, ட்ரியாண்டிஸ் என்ற ஆய்வாளர்கள் 1989இல் காட்டியதுபோல, ஐந்து புள்ளிகளைப் பத்தாக்கினால் ஓரத்துக்கு ஓடும் வேறுபாடு குறைகிறது. எப்படியானாலும், சில வாக்கியங்கள் நம்பிக்கையையும் சில அவநம்பிக்கையையும் சொல்லும்படி கலந்திருக்கட்டும். இரண்டுக்கும் ‘ஆம்’ என்பவர் தெரிந்துவிடுவார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களும், ஸ்பானியமே இரண்டாம் மொழியாக உள்ளவர்களும் இந்தப் பள்ளத்தாக்கில் நிறைய. மிஷ்டெக் மொழிக்கு ஊருக்கு ஊர் வடிவம் மாறுகிறது. ஒரு வடிவம் பேசுபவருக்கு மற்றொன்று விளங்காமலும் போகும். இவர்களுக்குத் தாளை நீட்டாமல் வாய்மொழியாகக் கேளுங்கள், கட்டங்களுக்குப் பதில் ஒன்றைவிட அடுத்ததில் நீர் கூடிக்கொண்டே போகும் ஐந்து குவளைகளின் படத்தைக் காட்டுங்கள். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பத்து வயது மகன் வழியாக எந்தத் தாயும் மருத்துவர்மீதுள்ள பயத்தைச் சொல்ல மாட்டார்.

மருத்துவமனைக் காத்திருப்பு அறையில், அந்த மருத்துவமனையின் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு அவநம்பிக்கையை அளக்க முடியாது. பள்ளிப் பெற்றோர் கூட்டம், தேவாலயக் கூடம், ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தை: இவையே சரியான இடங்கள். ‘ப்ரோமோத்தோரா’ எனப்படும் சமூகச் சுகாதாரப் பெண்கள் கேட்டால் மக்கள் பேசுவார்கள். ஆனால் அவர் எந்த மருத்துவமனைக்கு வேலை செய்கிறார் என்பதையும் பதிவு செய்யுங்கள். குடியுரிமை நிலையைக் கேட்காதீர்கள். கையெழுத்து மட்டுமே ஒருவரை ஆய்வோடு இணைக்கும் ஆவணமாக இருந்தால், கையெழுத்தில்லாமல் ஒப்புதல் பெற அமெரிக்க ஆய்வு விதிகள் இடம் தருகின்றன. நெறிமுறைக் குழுவிடம் அதைக் கேட்டு வாங்குங்கள்.

தரவு வந்தபின் கணக்கு. ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் உள்ள இலவசத் தொகுப்பான லவான் போதும். மூன்று படிகளில் சோதியுங்கள். இரண்டு மொழியிலும் வாக்கியங்கள் ஒரே மாதிரி குழுசேர்கின்றனவா? ஒவ்வொரு வாக்கியமும் அவநம்பிக்கையோடு ஒரே அளவு பிணைந்திருக்கிறதா? ஒரே அளவு அவநம்பிக்கை உள்ள இருவர், எந்த மொழியானாலும், ஒரே கட்டத்தைத் தொடுவார்களா? கடைசியது தேறினால்தான் சராசரிகளை ஒப்பிட உரிமை. ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது சி.எஃப்.ஐ. என்ற பொருத்தக் குறியீடு 0.01க்கு மேல் சரிந்தால் நில்லுங்கள். ஐந்து கட்டப் பதில்களை வரிசைத் தரவாகவே, அதாவது கட்டங்களுக்கு இடையே சம தூரம் உண்டு என்று கொள்ளாமல், நடத்துங்கள். ஒரு மொழிக்கு 200 பேராவது இருந்தால் கணக்கு தள்ளாடாது.

சோதனையில் ஒரு வாக்கியம் தோற்றால் மொழிமீது உடனே பழி போடாதீர்கள். ஸ்பானியத்தில் பதில் சொல்பவர்கள் இந்நாட்டுக்குச் சமீபத்தில் வந்தவர்களாகவும், காப்பீடு இல்லாதவர்களாகவும் இருக்கக்கூடும். மொழியின் விளைவையும் வாழ்வின் விளைவையும் பிரிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி: இரு மொழியும் சரளமாகத் தெரிந்த பெற்றோரைத் தனியே திரட்டி, யாருக்கு எந்த மொழித் தாள் என்பதைக் குலுக்கலில் தீர்மானிப்பது. அவர்களிடமும் அந்த வாக்கியம் பிசகினால் குற்றம் தாளில். பிசகவில்லை என்றால் அது ஸ்பானியத்தில் பதில் சொன்னவர்களின் வாழ்வனுபவம்; அதைத் திருத்த நமக்கு உரிமை இல்லை.

தேவாலயக் கூடத்து வாக்கியத்தை நாங்கள் இரண்டாக்கினோம். ஒன்று, டாக்டரை நம்புவது பற்றி. மற்றொன்று, ‘கொந்தார்லே சுஸ் கோசாஸ்’, அதாவது தன் விஷயங்களை அவரிடம் சொல்வது பற்றி. பழைய ஆய்வுகளோடு ஒப்பிட வேண்டுமே என்று மூல வடிவத்தையும் தாளின் கடைசியில் வைத்துக்கொண்டோம். அந்தத் தாயை மறுபடி சந்தித்தபோது முதல் கேள்விக்கு நான்காம் குவளையையும், இரண்டாவதற்கு முதல் குவளையையும் காட்டினார். இந்த முறை அவர் யோசிக்கவே இல்லை.