தூணுக்கு ஆங்கிலத்தில் ஐந்து பெயர்: கட்டடச் சொற்களை வரைந்து பழகும் முறை

ஒரு பழைய கட்டடத்தைப் பற்றிய குறிப்பை ஆங்கிலத்தில் பெயர்க்க உட்கார்ந்தபோதுதான் என் சரக்கு எவ்வளவு என்று தெரிந்தது. டோர், விண்டோ, வால், ரூஃப். அதற்குமேல் கை ஓடவில்லை. அந்த நான்கும் உங்களுக்கும் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

முதல் வேலை, சொற்பட்டியலைத் தூரப் போடுவது. அகரவரிசையில் மனப்பாடம் செய்து பார்த்தேன். ஒரு வாரத்தில் எல்லாம் கரைந்துவிட்டது. தாள் ஒன்றில் பெரிதாக ஒரு கட்டடத்தை வரையுங்கள். பென்சில்தான், பேனா வேண்டாம். நிறைய அழிக்க வேண்டிவரும். அட்டை புரட்டும் செயலிகள் எனக்கு ஒத்துவரவில்லை. சொல் மனதில் நிற்கும், அது சுவரில் எந்த இடம் என்பது நிற்காது.

அடுத்து, கட்டுகிறவர் போகிற வரிசையிலேயே கீழிருந்து மேலே பெயர் எழுதுங்கள். தரைக்குமேல் தெரியும் அடிப்பீடம் பிளின்த். ஜன்னலின் கீழ்விளிம்பு சில், பக்கத்து நிலைக்கால் ஜாம், தலைக்குமேல் சுமை தாங்குவது லின்டல். படிக்கட்டில் கால் வைக்கும் பரப்பு ட்ரெட், நிமிர்ந்து நிற்பது ரைசர், இடையில் மூச்சு வாங்கும் தளம் லேண்டிங். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் பாரபெட். சாய்ந்த கூரையானால் உச்சிக்கோடு ரிட்ஜ், சுவரைத் தாண்டி நீளும் இறவாணம் ஈவ்ஸ். ஒட்டுக்கேட்பதற்கு ஈவ்ஸ்டிராப் என்ற சொல் வந்ததும் இங்கிருந்துதான்: இறவாணத்து நீர் சொட்டும் இடத்தில் சுவரோரமாக நின்று உள்ளே பேசுவதைக் கேட்பவன்.

விண்டோவின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். அது ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது; அங்கே அதற்குக் ‘காற்றின் கண்’ என்று பொருள். பழந்தமிழில் ஜன்னலுக்குக் காலதர் என்று பெயர்; கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஜன்னல் என்ற சொல்லோ போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது.

இப்போது நான் வழுக்கி விழுந்த இடம். தூண் என்று கண்ட இடமெல்லாம் பில்லர் என்று எழுதித் தள்ளினேன். என் பெயர்ப்பைப் படித்தவர் கட்டடத்தின் படத்தைக் காட்டி, “பில்லர் எங்கே? சுவர்தானே இருக்கிறது?” என்றார். அவர் காட்டியது சுவரிலேயே தட்டையாகப் புடைத்திருந்த தூண் வடிவம். அதற்குப் பெயர் பிலாஸ்டர். பில்லர் என்பது பொதுச்சொல். அடிப்பகுதி, தண்டு, தலைப்பு என்று இலக்கணப்படி நிற்பது காலம் (column). தலைப்புக்குக் கேப்பிடல் என்று பெயர். வளைவுகளையும் பாலங்களையும் தாங்கும் பருத்த கட்டுமானம் பியர். ஒல்லியாக நட்ட மரக்கால் போஸ்ட்.

இவற்றைப் பிரித்தறிய ரோமின் கொலோசியம் படம் ஒன்று போதும். வளைவுகளைச் சுமப்பவை பியர்கள். அவற்றின் முகப்பில் பாதி மட்டும் வெளியே தெரிபவை அரைக் காலங்கள். நான்காவது அடுக்கில் அவையும் போய் பிலாஸ்டர்கள் மட்டும் இருக்கும். அதன்பின் ஏதென்ஸில் உள்ள பழைய கிரேக்கக் கோயிலான பார்த்தெனானைப் பாருங்கள். அங்குள்ள டோரிக் வகைக் காலங்களுக்கு அடிப்பகுதியே கிடையாது, நேரே தளத்தில் நிற்கும். நான் மேலே சொன்ன இலக்கணத்துக்கே அது விலக்கு.

கடைசியாகச் சரிபார்ப்பு. அகராதியை மட்டும் நம்பாதீர்கள். சொல்லைப் படத்தேடலில் போட்டு, பத்துப் படங்களிலும் ஒரே உறுப்பு வருகிறதா என்று பாருங்கள். ஆர்க்கிட்ரேவ் என்று தேடினால் சிலவற்றில் காலங்களின் மேல் கிடக்கும் உத்தரம் வரும், சிலவற்றில் கதவைச் சுற்றிய அலங்காரச் சட்டம் வரும். இரண்டும் சரிதான்.

பின்சேர்க்கை: மாடி எண்ணில் குழம்பியதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் தரைத்தளம் கிரவுண்ட் ஃப்ளோர், ஒரு மாடி ஏறினால் ஃபர்ஸ்ட் ஃப்ளோர். அமெரிக்காவில் பெரும்பாலும் தரைத்தளமே ஃபர்ஸ்ட் ஃப்ளோர். எனவே ‘இரண்டாம் மாடி’ என்று பார்த்ததும் செகண்ட் ஃப்ளோர் என்று எழுதிவிடாமல், படிக்கப்போகிறவர் எந்த ஊர்க்காரர் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.