சிலிக்கான் அடித்தும் ஜன்னலில் தண்ணீர் வருகிறதா?

ஐப்பசி பிறந்தால் போதும், சென்னையில் ஹார்டுவேர் கடை வாசலில் இடுக்கை அடைக்கும் சிலிக்கான் ட்யூப் கேட்டு ஒரு கூட்டம் நிற்கும். முந்தின ராத்திரி ஜன்னல் ஓரமாகத் தண்ணீர் வழிந்து மெத்தை நனைந்திருக்கும், காலையில் ஒரு ட்யூபும் அதைப் பிதுக்கும் கன்னும் வாங்கி வந்து, மழை விட்ட நேரமாகப் பார்த்து, கண்ணில் பட்ட இடுக்கிலெல்லாம் அடித்துவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்தால், அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே தண்ணீர். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றவன்தான். எங்கள் கிழக்கு ஜன்னல் ஒன்றுக்கே மூன்று ட்யூப் தீர்த்தேன். ட்யூபில் கோளாறு இல்லை, தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று பார்க்காமலே அடைக்கப் போனதுதான் கோளாறு.

தண்ணீர் சொட்டும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் பைப்பும் இரண்டு ஆளும் போதும். நாலைந்து நாள் நன்றாக வெயில் அடித்த பிறகு ஒருவர் உள்ளே டார்ச்சோடு நிற்க வேண்டும், இன்னொருவர் வெளியே இருந்து முதலில் ஜன்னலின் அடிப்பக்கம் மட்டும் பத்து நிமிஷம் தண்ணீர் காட்ட வேண்டும், அப்புறம் இரண்டு பக்கவாட்டு, அப்புறம் மேல் சட்டம், கடைசியாக சன்ஷேடு. கீழிருந்து மேலே போவது முக்கியம், மேலேயிருந்து ஆரம்பித்தால் எல்லாம் ஒன்றாக நனைந்துவிடும், எது வழி என்று பிரித்துச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் நான் மொட்டை மாடியிலிருந்து பைப்பைத் தொங்கவிட்டுப் பிடிக்க, மனைவி உள்ளே இருந்து "வரலை, வரலை" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சன்ஷேடின் மேல் தண்ணீர் தேங்க ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும், "வந்துடுச்சு, மேல் மூலையில!" என்று சத்தம். சன்ஷேடும் சுவரும் சேரும் மூலையில் நூல் மாதிரி ஒரு விரிசல், ஒரு முழ நீளம். நான் அடித்த மூன்று ட்யூபும் அதற்கு ரெண்டடி கீழே, சம்பந்தமே இல்லாமல் பளபளவென்று உட்கார்ந்திருந்தன.

சன்ஷேடை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். அதன் அடிப்பக்கம், வெளி விளிம்பை ஒட்டி, ஒரு சின்னப் பள்ளக்கோடு இருக்க வேண்டும். விளிம்பில் வழியும் தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். கோடு இல்லாத சன்ஷேடில் தண்ணீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவர் வரை வந்து, ஜன்னல் சட்டத்தின் தலையில் இறங்கும். அதே மாதிரி ஜன்னலுக்குக் கீழே இருக்கும் கல் அல்லது பூச்சு வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும், உள்பக்கம் சரிந்திருந்தால் எத்தனை ட்யூப் அடித்தாலும் வீண். இதெல்லாம் கொத்தனார் வேலை, சிலிக்கான் வேலை இல்லை.

அடுத்து, அடைக்கவே கூடாத ஓட்டைகள். ஸ்லைடிங் ஜன்னல் வைத்திருப்பவர்கள் இதை நன்றாகக் கவனிக்கவும். கீழ் டிராக்கில் மழைத்தண்ணீர் கொஞ்சம் விழத்தான் செய்யும், அது வெளியேறவே சட்டத்தின் வெளிமுகத்தில் சின்னச் சின்ன நீள ஓட்டைகள் விட்டிருப்பார்கள், யூபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக் ஜன்னலில் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் மூடிகூட இருக்கும். "இந்த ஓட்டை வழியாத்தான் தண்ணி வருது போல" என்று அதையும் சேர்த்து அடைத்துவிட்டு, டிராக் தொட்டி மாதிரி நிரம்பி வீட்டுக்குள் வழிவதைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சிலிக்கான் அடிப்பவர்களை நான் ஒன்றுக்கு மேல் பார்த்துவிட்டேன். உங்கள் டிராக்கில் தண்ணீர் தேங்கினால் ஒரு மெல்லிய கம்பியால் அந்த ஓட்டைகளைக் குத்திப் பாருங்கள், பெரும்பாலும் மண்ணும் செத்த பூச்சியும்தான் வரும். ஒரு சொம்பு தண்ணீரை டிராக்கில் ஊற்றினால் வெளியே ஓட வேண்டும். ஓடினால் ஜன்னல் நன்றாக இருக்கிறது.

உள்பக்கம் மட்டும் அடைப்பதும் இதே ரகம். அபார்ட்மெண்டில் நாலாவது மாடியில் இருந்தால் வெளியே கை எட்டாது, அதனால் உள்ளேயே சுற்றிலும் அடித்துவிடுவோம். தண்ணீர் சுவருக்குள் வந்தது வந்ததுதான், வெளியேற வழியில்லாமல் பூச்சுக்குள் ஊறி, ஜன்னலுக்குக் கீழே பெயிண்ட் உப்பி, பட்டி பொரிந்து உதிரும். மரச் சட்டமாக இருந்தால் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும், ஈரம் பிடித்த மரத்தைக் கரையான் சும்மா விடாது. மழையை வெளிமுகத்தில்தான் நிறுத்த வேண்டும், அதற்குக் கயிறு கட்டி இறங்கும் ஆளைக் கூப்பிட வேண்டியிருந்தாலும் சரி. நீங்களே கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப்பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

இனி சிலிக்கான். கடையில் "ஒரு சிலிக்கான் கொடுங்க" என்று கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் புளித்த வாடை அடிக்கும் ரகம், திறந்தவுடனே வினிகர் மாதிரி மூக்கில் ஏறும். அசிட்டிக் என்று போட்டிருக்கும். கண்ணாடிக்கும் பளபளப்பான டைலுக்கும் அது நல்லது, சிமெண்ட் பூச்சிலும் மார்பிளிலும் ஒழுங்காகப் பிடிக்காது. அது காயும்போது வெளிவிடும் அமிலம் சுண்ணாம்புச் சத்தோடு வினைபுரிந்து ஒட்டின இடத்தையே தூளாக்கும், இரும்பையும் அரிக்கும். ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவே அடிக்க நியூட்ரல் என்று போட்டிருக்கும் ட்யூப் வேண்டும். விலை கொஞ்சம் கூட, ஆனால் கேட்டு வாங்குங்கள். அப்படியே பின்பக்கம் காலாவதித் தேதியையும் பாருங்கள். பழைய சரக்கு வாரக்கணக்கில் பிசுபிசுவென்று இருக்குமே தவிர காயாது, அதை வழித்தெடுப்பது தனி நரகம்.

மேலே பெயிண்ட் அடிக்கப் போகிறீர்களா? அப்படியென்றால் சாதாரண சிலிக்கான் வேண்டவே வேண்டாம், அதன்மேல் பெயிண்ட் நிற்காது, முத்து முத்தாக விலகும். உள்பக்கத்து இடுக்குக்கு அக்ரிலிக் சீலன்ட் வாங்குங்கள். அது தண்ணீரில் கரைந்த சரக்கு, காயும்போது சுருங்கும், காய்வதற்குள் மழை பட்டால் கரைந்து ஓடும், அதனால் சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் அதை நம்ப வேண்டாம்.

எந்த ட்யூப் வாங்கினாலும், சுவர் பொரிபொரியாக இருந்தால் பிரயோஜனம் இல்லை. சிலிக்கான் கெட்டியாகத்தான் பிடிக்கும், ஆனால் பிடிப்பது பட்டியின் மேல்தூசியை, தூசி சுவரை விடும்போது சிலிக்கானும் முழு நீளத்துக்கு வால் மாதிரி உரிந்து கையோடு வரும். ஒரு துண்டு செல்லோடேப்பை அழுத்தி ஒட்டிப் பிய்த்துப் பாருங்கள், வெள்ளைப் பொடி ஒட்டி வந்தால் இன்னும் சுரண்ட வேண்டும். பழைய சிலிக்கான் மேலேயே புதுசை அடிப்பது இன்னொரு வீண் வேலை. காய்ந்த சிலிக்கானில் புது சிலிக்கான் சரியாக ஒட்டாது. பிளேடு போட்டு அடிவரைக்கும் அறுத்தெடுத்து, தின்னர் தொட்ட துணியால் துடைத்து (யூபிவிசி மேல் தின்னர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பளபளப்பு போய்விடும்), காயவிட்டு அப்புறம் அடிக்க வேண்டும். எனக்கு ஒரு ஜன்னலுக்குச் சுரண்ட ஒன்றரை மணி நேரம் ஆனது, அடிக்கப் பத்து நிமிஷம். ஈரச் சுவரில் அடிப்பதும் அப்படித்தான். காற்றில் ஈரப்பதம் இருந்தால் சிலிக்கான் காய உதவும், சுவரில் ஈரம் இருந்தால் ஒட்டாது. அதனால்தான் மழை தொடங்கியபின் ஓடுவதைவிட, ஆனி, ஆடியில் நாலு நாள் வெயில் கிடைக்கும்போது காலை நேரத்தில் முடித்துவிடச் சொல்கிறேன். உச்சிவெயிலில் சட்டம் கொதிக்கும்போது அடித்தால் குமிழ் விடும்.

இடுக்கின் அளவையும் யாரும் பார்ப்பதில்லை. 5 அடி நீள யூபிவிசி சட்டம், விடியற்காலைக்கும் உச்சிவெயிலுக்கும் அதன் சூடு 30 டிகிரி மாறினால், 3 மில்லிமீட்டர் வரைக்கும் நீளும், அலுமினியம் என்றால் 1 மில்லிமீட்டர். இந்த ஆட்டத்தைத் தாங்கத்தான் ரப்பர் மாதிரி இழுபடும் சரக்கு வேண்டும். கொத்தனார் அங்கே வெள்ளை சிமெண்டைத் தேய்த்துவிட்டுப் போவார், பார்க்க அழகாக இருக்கும், ஒரு கோடை தாண்டாது. அதே காரணத்துக்காக முடி மாதிரி விரிசலின் மேல் சிலிக்கானை மெல்லிசாகத் தடவுவதும் தப்பு. மெல்லிய படலத்துக்கு இழுபட இடமே இல்லை, கிழிந்துவிடும். விரிசலை 6 மில்லிமீட்டருக்காவது கீறி அகலமாக்கி உள்ளே நிரப்ப வேண்டும்.

ஆழமும் அப்படித்தான், அகலத்தில் பாதி போதும், அதைத் தாண்டி உள்ளே திணிக்க வேண்டாம். ஆழமான இடுக்கில் முதலில் பேக்கர் ராட் என்ற நுரைக்கயிறை அழுத்தி வைத்து அதன்மேல் அடிப்பார்கள். ட்யூப் மிச்சமாவது ஒரு பக்கம், முக்கியமாக அந்த நுரையில் சிலிக்கான் ஒட்டாது. இரண்டு பக்கச் சுவரை மட்டும் பிடித்துக்கொண்டு நடுவில் தாராளமாக இழுபடும். அடியிலும் சேர்ந்து ஒட்டிவிட்டால் மூன்று பக்கமும் இழுக்க, நடுவில் கிழியும்.

ரெண்டு விரல் நுழையும் ஓட்டைக்கு பியூ ஃபோம் என்ற, பீய்ச்சி அடிக்கும் நுரையை அடிக்கலாம், ஆனால் பாதிக்குமேல் நிரப்பாதீர்கள், அது பொங்கிப் பெருகும், மெல்லிய சட்டத்தையே வளைத்து ஜன்னல் ஓடாமல் செய்துவிடும். காய்ந்ததும் அறுத்துவிட்டு மேலே பூசியே ஆக வேண்டும், வெயில் பட்டால் மஞ்சளாகிப் பொடிந்து போகும்.

கதவுக்கு வருவோம். வாசக்காலுக்கும் சுவருக்கும் நடுவே சிலிக்கான் அடிக்கலாம். கதவுக்கும் வாசக்காலுக்கும் நடுவே இருப்பது ஆடும் இடம், அங்கே சிலிக்கானுக்கு வேலையே இல்லை, ஒட்டும் ரப்பர் பட்டையும் கதவின் அடியில் பிரஷ் வைத்த பட்டையும்தான். மரக்கதவு மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பும். கதவு பிடிக்கிறது என்று கார்த்திகையில் ஆசாரியைக் கூப்பிட்டு இழைத்துவிட்டால், சித்திரையில் பென்சில் நுழையும் அளவுக்குச் சந்து விழும், அப்புறம் அதை எதைக் கொண்டு அடைப்பது என்று தேட வேண்டியதுதான்.

ஏசி காற்று போகக்கூடாது, கொசு வரக்கூடாது என்று வீட்டையே டப்பா மாதிரி மூடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. சமையலறையில் கை வைக்காதீர்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் பரவும், அங்கே கதவின் அடிச் சந்தும் தரையோர வழியும் திறந்திருக்க வேண்டும். கேஸ் கெய்சர் வைத்த குளியலறையின் வென்டிலேட்டரையும் அடைக்கவே அடைக்காதீர்கள், அது எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது நிறமும் கிடையாது.

அடிக்கும் விதம் கைப்பழக்கம்தான். ட்யூபின் மூக்கை 45 டிகிரி சாய்வாக, இடுக்கைவிடச் சின்னதாக வெட்டுங்கள், பெரிசாக வெட்டினால் திரும்ப ஒட்ட முடியாது. இருபக்கமும் மாஸ்கிங் டேப், ஒரே இழுப்பு, விரலால் ஒரே வழிப்பு, மேல்தோல் கட்டுவதற்குள் டேப்பை உரித்துவிட வேண்டும், அதாவது பத்து நிமிஷத்துக்குள். திரும்பத் திரும்பத் தடவினால் பிசிறு பிசிறாகத்தான் வரும். ஒரு நாளைக்கு ரெண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம்தான் காயும், முழு ஆழமும் காயும்வரை தண்ணீர் காட்டிச் சோதிக்காதீர்கள்.

எங்கள் ஜன்னலுக்கு வருகிறேன். கொத்தனார் சன்ஷேடு மூலை விரிசலைக் கீறி அடைத்து, மேலே வாட்டர்ப்ரூஃப் பூச்சு போட்டு, அடியில் கோடும் போட்டுக் கொடுத்தார். ஜன்னல் சட்டத்துக்குக் கடைசியில் தேவைப்பட்டது கால் ட்யூப் சிலிக்கான். மிச்ச முக்கால் ட்யூபின் மூக்கில் ஒரு ஸ்க்ரூவைத் திருகி வைத்திருக்கிறேன், நுனியில் மட்டும்தான் கெட்டியாகும், ஸ்க்ரூவைப் பிடித்து இழுத்தால் கட்டியோடு வந்துவிடும்.