சோப்பு வாடை அடித்த பால்

26 வாரப் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாளே மாமியாரிடமிருந்து போன்: "பாப்பா பாலைத் துப்புறாம்மா." பாட்டில்தான் பிடிக்கவில்லை என்று பால் புகட்டும் சங்கான பாலாடைக்கு மாறினோம். அதிலும் அதே கதை. அப்புறம்தான் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்த தாய்ப்பாலை நானே ருசித்தேன். சோப்பு வாடை! கெட்டுப்போகவில்லை, தாய்ப்பாலிலுள்ள லிப்பேஸ் நொதி கொழுப்பை உடைப்பதால் வருவது. கெடுதல் இல்லைதான், அவளுக்கு யார் புரியவைப்பது?

பால் எடுத்த கையோடு, ஓரத்தில் சின்னக் குமிழ் வரும்வரை சூடாக்கி, கொதிக்குமுன் இறக்கி, பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி ஃப்ரிட்ஜில் வைத்தேன். வாடை வந்தபிறகு சூடாக்கிப் பயனில்லை. அப்படியே இரண்டு நாள் பால் வீணானது. சூட்டில் கொஞ்சம் சத்து குறையும், அதனால் வீட்டிலிருக்கும்போது நேரடியாகவே கொடுத்தேன்.

மறுவாரம் மாமியார் போனில், "பாலாடையைக் கடிக்கிறா, இன்னும் வேணுமாம்" என்றார்.