கார்பன் ஃபைபர் தகட்டில் பீசோ சென்சார்: தகட்டுக்கு முன் பசையைச் சோதியுங்கள்

விமான இறக்கைத் தோலில் அடுக்குகள் உள்ளுக்குள் பிரிந்தாலும் வெளியே பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் பீசோ சென்சார் (மின்சாரம் கொடுத்தால் அதிர்ந்து, அதிர்ந்தால் மின்சாரம் தரும் சிறு வில்லை) ஒட்டுகிறோம். ஆனால் சோதனைக்கூடத்தில் ‘சேதம்’ என்று பதிவாவது, அதை ஒட்டிய பசையின் கோளாறாகவும் இருக்கலாம்.

500 × 500 மி.மீ. அளவில், 2 மி.மீ. தடிமனுள்ள தகடு எடுங்கள். சிறியதில் விளிம்பு எதிரொலிகள் வந்து கலந்துவிடும். 400 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை மட்டும் தேயுங்கள். நார் வெளியே தெரிந்தால் சென்சாரின் அடிமுனை தகட்டோடு ஷார்ட் ஆகும், கார்பன் மின்சாரம் கடத்துமே! இரு முனைகளும் மேல்பக்கமே உள்ள சென்சார் வாங்கினால் ஒயர் இணைப்பது சுலபம். சோல்டரிங் இரும்பை இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வைக்க வேண்டாம்; சூடு ஏறினால் பீசோ தன் துருவத்தன்மையை இழக்கும்.

ஒட்டுமுன் சென்சாரின் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 10 மி.மீ. விட்டம், 0.5 மி.மீ. தடிமன் கொண்ட வில்லைக்குச் சுமார் 2.4 நானோஃபாரட் வரும். எபாக்சி பசை இறுகியபின் அது குறைய வேண்டும். தகடு வில்லையைப் பிடித்துக்கொண்டது என்று பொருள். பின்னாளில் அது ஏறினால் பசை விட்டிருக்கிறது. ஒட்டியபின் வந்த அளவுக்கும் கீழே இறங்கினால் வில்லையில் விரிசல்.

இனி அலை. 300 மி.மீ. இடைவெளியில் இரண்டு சென்சார்கள்: ஒன்று தகட்டில் அலையை அனுப்பும், மற்றது வாங்கும். 200 கிலோஹெர்ட்ஸில் ஹானிங் சாளரமிட்ட (மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும்) 5 சுற்றுத் துடிப்பு அனுப்புங்கள். விநாடிக்கு 50 லட்சம் மாதிரிகளாவது எடுங்கள். 64 முறை சராசரி எடுத்தால் இரைச்சல் அடங்கும்.

பலர் சறுக்குவது வெப்பநிலையில். பேஸ்லைனை (சேதமில்லாத தகட்டின் அலைப்பதிவை) ஒரே வெப்பநிலையில் எடுத்து வைத்துக்கொண்டு மறுநாள் ஒப்பிடுகிறார்கள். வெப்பநிலை மாறினால் அலை வந்துசேரும் நேரமும் மாறும். 200 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுற்று 5 மைக்ரோ விநாடி. அலை அரை மைக்ரோ விநாடி தள்ளி வந்தாலே, புதிய பதிவிலிருந்து பேஸ்லைனைக் கழித்தபின் எஞ்சும் அலை மூலத்தில் 60 சதவீதம் இருக்கும். தகட்டில் கீறல்கூட இருக்காது! அதனால் தகட்டின்மேலேயே வெப்பமானி ஒட்டி, 2 டிகிரிக்கு ஒன்றாகப் பேஸ்லைன்கள் சேர்த்து வையுங்கள்.

சேதம் உண்டாக்கத் தகட்டை அடிப்பதற்கு முன், அலைப்பாதையில் ஒரு சிட்டிகை புட்டியை (ஒட்டி எடுக்கக்கூடிய களிமண் போன்ற பொருளை) ஒட்டிப் பாருங்கள். அலை மாற வேண்டும், எடுத்ததும் பழையபடி திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கோளாறு உங்கள் இணைப்புகளில் இருக்கலாம்.

பிறகு 16 மி.மீ. உருண்டை முனையுள்ள எடையைத் தகட்டின்மேல் விழவிடுங்கள். 3 ஜூலில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வோர் அடிக்குப் பிறகும் அல்ட்ராசோனிக் சி-ஸ்கேனோடு (உள்சேதத்தை மேலிருந்து பார்ப்பதுபோல் காட்டும் ஒலியலைப் படத்தோடு) ஒப்பிடுங்கள். அதற்கு முன்னால் கெப்பாசிட்டன்ஸை மறுபடி அளந்துவிடுங்கள். அந்த அடியில் பசையும் விட்டிருக்கலாம்.