டுசில்டோர்ஃபில் இறங்கி வேட்ஸவில் ஏறுவதென்றால்

ஜேர்மனியின் நோர்ட்ரைன் வெஸ்ட்பாலன் மாநிலத்துக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? விமானச் சீட்டு வாங்கும்போது ஊர்ப் பெயரை நம்பாதீர்கள், மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். டி.யு.எஸ். என்றால் டுசில்டோர்ஃப். என்.ஆர்.என். என்றால் வேட்ஸ. டுசில்டோர்ஃப் என்று தேடினாலும் மலிவு விலையில் முன்னால் வந்து நிற்பது பல வேளைகளில் வேட்ஸதான். அது நெதர்லாந்து எல்லையோரம் இருக்கிறது.

இரண்டுக்கும் இடையே சாலை வழியே ஏறக்குறைய 70 கிலோமீட்டர். நெரிசல் இல்லாவிட்டால் காரில் ஒரு மணி நேரம் போதும். கார் இல்லாதவர்கள்தான் பாடுபட வேண்டும். வேட்ஸ 1999 வரை பிரித்தானிய விமானப்படைத் தளம். 2003இல்தான் பயணிகள் விமான நிலையமானது. ரயில் அதன் வாசல்வரை போவதில்லை.

டுசில்டோர்ஃப் விமான நிலையத்தில் ரயில் நிலையங்கள் இரண்டு. முனையத்தின் அடியில் இருப்பது எஸ்11 என்ற நகர ரயில் வருமிடம். ஆர்.இ. எனப்படும் வட்டார விரைவு ரயில்கள் நிற்பது சற்றுத் தள்ளியுள்ள மற்ற நிலையத்தில். அங்கே போக ஸ்கைட்ரெயின் என்ற தொங்கு ரயில் உண்டு. முதலில் நகரின் பிரதான ரயில் நிலையத்துக்குப் போங்கள். அங்கே கிளேவ நகருக்குச் செல்லும் ஆர்.இ.10இல் ஏறினால் வேட்ஸ ஊருக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பிறகு விமான நிலையத்துக்குப் பஸ். காத்திருப்பையும் சேர்த்து இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். நாடு முழுவதும் உள்ளூர், வட்டார ரயில்களில் செல்லுபடியாகும் மாதச் சீட்டான டொய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தால் இந்த ரயில்களுக்குத் தனியாகச் சீட்டு வேண்டாம்.

ஆர்.இ.10ஐ நம்பி நிமிடக் கணக்கில் திட்டம் போடவே கூடாது. அந்தப் பாதையின் ஒரு பகுதி ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் ரயில் பிந்தினால் உங்கள் ரயிலும் நிலையத்தில் காத்து நிற்கும். அதற்குள் வேட்ஸவில் பஸ் புறப்பட்டுவிடும். புறப்படுமுன் ஜேர்மன் ரயில்வேயின் செயலியான டி.பி. நாவிகேட்டரில் பாருங்கள். எஸ்.இ.வி. என்று போட்டிருந்தால் பாதையில் வேலை நடக்கிறது, ரயிலுக்குப் பதில் பஸ்தான். அன்றைக்கு இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ துபாய் வழியாக டுசில்டோர்ஃபில் இறங்கி, அன்றே வேட்ஸவில் வேறு விமானம் பிடிக்க நினைப்பவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: இடையில் ஆறு மணி நேரமாவது விடுங்கள். குடிவரவு வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பது, ரயில், பஸ், அங்கே மறுபடி பாதுகாப்புச் சோதனை. இரண்டும் தனித்தனிச் சீட்டு என்பதால் முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டால் அந்த நிறுவனம் உங்களுக்காகப் பொறுப்பேற்காது. குழந்தைகளோடும் வயதானவர்களோடும் வருபவர்கள் ஓர் இரவு தங்கிப் போவதே நல்லது. சீட்டில் மிச்சம் பிடித்த காசு கடைசி நேர டாக்சிக்கே போய்விடும்.

வேட்ஸவே வசதியாக அமையும் நாட்களும் உண்டு. ஓகஸ்ட் மாதம் கேவலார் மாதா கோவிலுக்குத் தமிழர்கள் திரளும் யாத்திரைக்கு வேறு நாட்டிலிருந்து உறவினர் வருகிறார்களென்றால் வேட்ஸவுக்கே சீட்டுப் போடச் சொல்லுங்கள். கேவலார் அங்கிருந்து பக்கம், காரில் கால் மணி நேரம். ஹம் நகரின் காமாட்சி அம்பாள் கோவில் தேருக்கு வருபவர்களுக்கோ இந்த இரண்டுமே தூரம். அவர்கள் டோர்ட்முண்ட் விமான நிலையத்தைப் பார்க்கட்டும்.