சுவிஸ் வாட்ச்சை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன்

ரோலெக்ஸ், ஒமேகா மாதிரி ஆட்டோமேட்டிக் (பேட்டரி இல்லாமல் கை அசைவிலேயே ஓடும்) வாட்ச் வைத்திருக்கும் பலர், 'நன்றாகத்தானே ஓடுகிறது' என்று சர்வீஸைத் தள்ளிப்போடுகிறார்கள். உள்ளே எண்ணெய் காய்ந்த பிறகும் வாட்ச் ஓடும். ஆனால் ஊசி முனை போன்ற சக்கர அச்சுகள் தேய்ந்துகொண்டே ஓடும். முன்னும் பின்னும் ஆடி நேரத்தைச் சீராக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் துடிப்பு இன்றைய பல வாட்ச்களில் மணிக்கு 28,800 என்றால் யோசித்துப் பாருங்கள். ஒமேகா 5 முதல் 8 ஆண்டுகள், ரோலெக்ஸ் சுமார் 10 ஆண்டுகள் என்று இடைவெளி சொல்கின்றன.

கொடுக்கும்போது முதலில் சொல்ல வேண்டியது: "பாலிஷ் வேண்டாம்." சர்வீஸோடு சேர்த்துப் பளபளப்பாக்கித் தருவது பல இடங்களில் வழக்கம். ஒவ்வொரு பாலிஷும் கேஸின் (வாட்ச்சின் வெளிக்கூடு) உலோகத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளின் கூரான விளிம்பு ஒருமுறை மழுங்கினால் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவது லேசில்லை. என் அப்பாவின் வாட்ச் கரைந்த சோப்புக்கட்டி மாதிரித்தான் திரும்பி வந்தது. இன்றும் அதைக் கையில் எடுத்தால் மனசு ஆறவில்லை.

பழைய வாட்ச் என்றால் டயலையும் முள்ளையும் மாற்றக் கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். சேகரிப்பவர்கள் அசல் டயலுக்குத்தான் விலை தருவார்கள். கழற்றி மாற்றிய பழைய பாகங்கள் திரும்ப வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், சர்வீஸ் முடிந்து திரும்ப வாங்கும்போது தண்ணீர் புகாச் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். என்றைக்காவது கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்தால், பக்கவாட்டில் இருக்கும் சாவியை இழுக்காமல், திருகாமல் அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். துரு பிடிக்கச் சில நாட்களே போதும்.