ரஸ்ட் டெர்மினல் நிரலில் விசைப்பலகை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிராஸ்டெர்ம் (டெர்மினலைக் கையாளும் ரஸ்ட் நூலகம்) வைத்து முதல் டெர்மினல் நிரல் எழுதுபவர்களின் கோடில் அதே பிழைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ரா மோடை (ஒவ்வொரு விசையும் என்டருக்குக் காத்திராமல் நேராக நிரலுக்கு வரும் நிலை) இயக்க மறப்பது போன்றவை முதல் ஓட்டத்திலேயே பல்லைக் காட்டிவிடும். அவற்றை விட்டுவிடலாம்.

டிராப்பை மட்டும் நம்புவது

நிரல் பேனிக் ஆனால் (மீள முடியாத பிழையில் நின்றால்) டெர்மினல் ரா மோடிலேயே நின்றுவிடும்; அடிக்கும் எழுத்துகூடத் திரையில் தெரியாது. இதற்குப் பலரும் சொல்லும் மருந்து, ரா மோடை அணைத்து மாற்றுத் திரையை (நிரல் தனக்கெனத் திறக்கும் தற்காலிகத் திரை) மூடும் டிராப் கொண்ட ஒரு ஸ்ட்ரக்ட்; மதிப்பு அழியும்போது ரஸ்ட் தானாக ஓட்டும் கோடுதான் டிராப். அது பாதி மருந்துதான். பேனிக்கில் முதலில் ஓடுவது ஹூக், அதாவது பேனிக்குக்கென்று பதிந்து வைத்த ஃபங்ஷன். பிழைச் செய்தியை அச்சிடுவதும் அதுவே. டிராப்பின் முறை அதற்குப் பிறகுதான். ஆக, செய்தி மாற்றுத் திரையில் விழுகிறது, உடனே டிராப் அந்தத் திரையை மூடுகிறது, செய்தியும் கூடவே மறைகிறது. ரஸ்ட் கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் சொல்லியாயிற்று. படிக்கத்தான் யாருக்கும் வாய்க்கவில்லை. பிறகு மணிக்கணக்கில் பிரிண்ட் போட்டுத் தேடுவார்கள். எரிச்சல்!

கார்கோ (ரஸ்டின் பில்ட் கருவி) கோப்பில் பேனிக்கை அபார்ட் (உடனே நிறுத்து) என்று வைத்திருந்தால் டிராப் ஓடவே ஓடாது. நிரலை அங்கேயே முடிக்கும் ப்ராசஸ் எக்ஸிட்டில் டிராப்பும் இல்லை, ஹூக்கும் இல்லை. அதை அழைக்கும் முன் டெர்மினலை நீங்களே மீட்க வேண்டும்.

ரா மோடை இயக்கும் முன்பே, டேக் ஹூக்கால் பழைய ஹூக்கை வாங்கி வைத்துக்கொண்டு, செட் ஹூக்கால் புதியதைப் போடுங்கள். புதியது மாற்றுத் திரையை மூடி, ரா மோடை அணைத்து, கடைசியில் பழையதை அழைக்கட்டும். டிராப்பும் இருக்கட்டும்; ரஸ்டின் கேள்விக்குறி ஆபரேட்டர் வழியாகப் பிழை திரும்பும்போது அதுதான் காப்பாற்றும். துணை த்ரெட் பேனிக் ஆனாலும் ஹூக் ஓடும் என்பதை மறக்க வேண்டாம்: டெர்மினல் மீண்ட பின்பும் முதன்மை த்ரெட் வரைந்துகொண்டே இருக்கும். ராட்டடூயி என்ற டெர்மினல் இடைமுக நூலகத்தின் புதிய பதிப்புகளில் இனிட் ஃபங்ஷனே இந்த ஹூக்கைப் போட்டுவிடுகிறது.

ஏற்கெனவே சிக்கிக்கொண்ட டெர்மினலில், எழுத்து தெரியாவிட்டாலும் 'எஸ்டிடிஒய் சேன்' என்று அடித்து, என்டருக்குப் பதில் கன்ட்ரோல் ஜே அழுத்துங்கள்.

விண்டோஸில் ஒரு விசை இரண்டு முறை பதிவாவது

அங்கே விசையை விடுவதும் ஒரு நிகழ்வாக வரும். ரிலீஸ் வகையைத் தள்ளிவிடுங்கள். லினக்ஸில் மட்டும் சோதித்தவருக்கு இது பயனர் புகார் சொல்லித்தான் தெரியவரும்.

கன்ட்ரோல் சி

ரா மோடில் அது வெறும் விசை. வெளியேறும் வழியை நீங்கள்தான் எழுத வேண்டும்.

லூப்புக்குள் பூஜ்ய நேர போல்

விசை வந்ததா என்று கேட்கும் போல் ஃபங்ஷனுக்குப் பூஜ்ய நேரம் கொடுத்தால், அது ஒரு சிபியு கோரை முழுதாகத் தின்றுவிடும். இடையில் வேறு வேலை இல்லையென்றால் விசை வரும்வரை காத்திருக்கும் ரீட் மட்டும் போதும்; இருந்தால் போலுக்கு 50 மில்லிவிநாடி கொடுங்கள்.

பேக்ஸ்பேஸுக்கு பாப்

'கி' என்பது ரஸ்டுக்கு 2 சார் (யூனிகோட் குறி), 6 பைட். கடைசிச் சாரை நீக்கும் ஸ்ட்ரிங்கின் பாப் இகரக் குறியை மட்டும் உரித்துவிட்டு 'க'வை விட்டுவைக்கும். முழு எழுத்தும் போக வேண்டுமென்றால் யூனிகோட் செக்மென்டேஷன் கிரேட்டை (ரஸ்ட் நூலகம்) சேர்த்து, கடைசி கிராஃபீமை (கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரியும் தொகுப்பு) வெட்டுங்கள்.